அஞ்செட்டிப் பக்கம் தோட்டம், அல்சூரில் வீடு: ஃபோர் பை ஃபோர் தேவையா?

அல்சூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீடு அல்சூரில். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் வழியில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் இருக்கிறது, ராகியும் அவரையும் போடுகிறோம், மாதம் இரண்டு தடவையாவது போய்விடுவேன். தார்ச்சாலையிலிருந்து இறங்கினால் ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் தடம், நடுவில் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டியதும் ஒரு மேடு. வெயில் காலத்தில் என் பழைய சின்னக் காரே போய்விடும். போன ஐப்பசி மழையில் மேட்டில் பாதி ஏறி அப்படியே பின்னால் வழுக்கி வந்து வேலியில் சாய்ந்து நின்றுவிட்டது. அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார், கை நடுங்கிவிட்டது. டிராக்டர் கொண்டுவந்துதான் இழுத்தோம்.

வண்டி மாற்றலாம் என்று முடிவு. ஷோரூமில் ஒருவர் “ஆல் வீல் டிரைவ் போதும் சார், எங்கேயும் போகும்” என்கிறார். நண்பன் மாருதி ஜிம்னி என்கிறான். மச்சினர், மஹிந்திரா தார் (Thar) வண்டியில் டூ வீல் டிரைவே போதும், உயரம்தான் முக்கியம் என்கிறார். வீட்டில் ஐந்து பேர். தினமும் ஓட்டுவது பழைய மெட்ராஸ் ரோடு நெரிசலில். என்ன செய்யட்டும்?

மடிவாளா டீசல்:
அண்ணா, அந்த ஷோரூம் பேச்சை நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஆல் வீல் என்று இங்கே வரும் சின்ன எஸ்யூவிகளில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கும், அது வழுக்குவது தெரிந்ததும் ஒரு கிளட்ச் இறுகிப் பின்சக்கரத்துக்கும் இழுவையை அனுப்பும். நாம் எதையும் தொட வேண்டாம், மழையில் ஏற்காடு ஏறும்போது அருமையாக இருக்கும். ஆனால் லோ கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் பல்சக்கரம், கிடையாது. உங்கள் மேட்டில் நின்ற இடத்திலிருந்து ஊர்ந்து ஏற வேண்டும், லோ இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துத்தான் ஏற்றுவீர்கள், மிதித்தால் சக்கரம் சுழலும், சுழன்ற இடத்தில் ஈரச் செம்மண் சோப்பு தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

ஜிம்னி, தார் ஃபோர் பை ஃபோர் இரண்டும் பார்ட் டைம் வகை. ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இழுவை, சாதாரண கியர்) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கித் தானே சரிசெய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் அது நடக்காது, ஸ்டியரிங் கனத்துப்போய், யூ டர்னில் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல வண்டி திமிறும், உள்ளே பல்சக்கரங்கள் அடிவாங்கும். அதனால் ஊருக்குள் எப்போதும் டூ ஹை (இரண்டு சக்கர இழுவை) மட்டும்தான்.

சர்ஜாபூர் ரோடு:
சார், நான் ஆல் வீல் வண்டி வைத்திருந்தவன், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்குப் போகும் ஏற்றத்தில் பத்து நிமிடம் போராடினேன், பின்சக்கரம் தள்ளிக்கொண்டுதான் இருந்தது, திடீரென்று டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து முன்சக்கரம் மட்டும் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கிளட்ச் சூடேறிவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகிவிடும். இருபது நிமிடம் மழையில் நின்று ஆறவைத்த பிறகுதான் திரும்ப வேலை செய்தது.

மச்சினர் சொல்வதில் பாதி சரி. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால் சாயும், அதனால் உங்கள் பழைய முன்சக்கர இழுவை வண்டியை விடப் பின்சக்கர வண்டி மேட்டில் நன்றாகவே ஏறும். ஆனால் அந்தப் பின்சக்கரமும் வழுக்கினால் அடுத்து ஒன்றுமில்லை.

இன்னொன்று, 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு முழுக்கத் தண்ணீர் நின்றபோது பெரிய வண்டி வைத்திருந்த பலரும் தைரியமாக இறங்கினார்கள். எத்தனை சக்கரம் இழுத்தாலும் ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் ஏறினால் இன்ஜின் போய்விடும். தார் வண்டி இறங்கக்கூடிய தண்ணீர் ஆழமாகக் கம்பெனி சொல்லும் அளவு 650 மில்லிமீட்டர். உங்கள் ஓடையில் மழைக்குப் பிறகு எவ்வளவு ஆழம் என்று குச்சி விட்டுப் பாருங்கள்.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றி. நேற்று தோட்டத்துக்குப் போய் டேப் வைத்து அளந்துவிட்டு வந்தேன். ஓடையில் இப்போது முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பிரச்சினை தடத்தில் இருக்கிறது. டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி நடுமேடு ஓர் இடத்தில் 23 சென்டிமீட்டர் வருகிறது.

மடிவாளா டீசல்:
அளந்தது மிக நல்ல காரியம் அண்ணா. ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, 210 மில்லிமீட்டர், மூன்று கதவு தார் 226. இரண்டுமே இடிக்கும். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சு, நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான் முதலில் தட்டும். அது மேட்டில் உட்கார்ந்துவிட்டால் சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும், அங்கே எந்த டிரைவும் உதவாது. பள்ளத்தில் இறங்காமல் ஒரு பக்கச் சக்கரத்தை நடுமேட்டிலும் மறுபக்கத்தை ஓரத்திலும் ஏற்றி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மழைக்கு முன் இரண்டு டிப்பர் கிராவல் கொட்டி மண்வெட்டியால் மேட்டைச் செதுக்கிவிடுங்கள். உண்மையில் நான் முதலில் அதைத்தான் செய்வேன்.

ஐந்து பேர் என்பதைக் கவனித்தீர்களா? ஜிம்னியும் மூன்று கதவு தாரும் நான்கு பேருக்கான வண்டிகள். அம்மாவோடு எல்லாரும் போக வேண்டுமென்றால் ஐந்து கதவு தார் ராக்ஸ், அதிலும் ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான் வருகிறது. அல்சூர்ச் சந்துகளுக்கு அது அகலம், வாங்குவதற்கு முன் உங்கள் தெருவுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

ஜோலார்பேட்டை டு பெங்களூர்:
டயரை யாரும் சொல்லவில்லையே. கம்பெனியில் வரும் ரோடு டயரின் பள்ளங்களில் செம்மண் அடைத்துவிட்டால் நான்கு சக்கரமும் மொட்டை டயர்தான். ஏ.டி. (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது) டயர் மாற்றுங்கள், தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) வேண்டாம், சத்தமும் அதிகம், மைலேஜும் விழும். தடத்தில் இறங்கும்போது காற்றை முப்பதிலிருந்து இருபதுக்கு இறக்கினாலே பிடிப்பு மாறுவதைக் கையில் உணர்வீர்கள், வீடு திரும்பும் முன் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கம்ப்ரசர் டிக்கியில் இருக்கட்டும்.

சேற்றில் மாட்டிய பிறகு ஃபோர் வீல் போடாதீர்கள், தார்ச்சாலை முடியும் இடத்திலேயே போட்டுவிடுங்கள். லோ போட வண்டி முழுக்க நிற்க வேண்டும். திரும்பி வரும்போது அந்த மேட்டை லோவில் முதல் கியரில் விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஈர மண்ணில் பிரேக் மிதித்தால் சக்கரம் நின்றும் வண்டி போய்க்கொண்டே இருக்கும், அதில் ஃபோர் வீல் டிரைவ் எதுவும் செய்யாது.

அல்சூர்வாசி:
சரி, முதலில் கிராவல். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பாதிச் செலவு தருகிறேன் என்றார். சனிக்கிழமை ராக்ஸ் ஃபோர் பை ஃபோரை டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அம்மாவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், படி உயரமாக இருக்கும் போலிருக்கிறது. அதில் சைடு ஸ்டெப் போட்டால் தடத்தில் இடிக்குமா?

ஜோலார்பேட்டை டு பெங்களூர்:
கீழே தொங்கும் வகை இடிக்கும். பாடியோடு ஒட்டி, சேசிஸில் போல்ட் போடும் வகையைக் கேளுங்கள்.