குடல் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை: உங்களுக்கு எப்படி?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்), 9 வருஷம்

ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறேன், ரத்தம் கலந்திருக்கிறதா, ராத்திரி எழுந்து ஓடுகிறேனா என்று டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். மனசைப் பற்றி மட்டும் 6 வருஷம் வாயே திறக்கவில்லை.

நோய் முற்றிய ஒரு சமயம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். ரத்தம் நின்றது, கூடவே தூக்கமும் போனது. ஒரு நாள் விடியற்காலை 3 மணிக்கு அலமாரித் துணியை எல்லாம் தரையில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தேன். மனைவி எழுந்து வந்து, "என்னங்க இந்த நேரத்துல?" என்றுதான் கேட்டாள். கையிலிருந்த சட்டையைச் சுவரில் வீசியடித்துக் கத்தினேன். அவள் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மடித்து வைத்தாள். இன்றைக்கும் அந்த மடிப்பு கண்ணுக்குள் நிற்கிறது.

டோஸ் குறையக் குறைய நேர் எதிராக ஆனது. படுக்கையை விட்டு எழவே மனசில்லை. என் குணமே கெட்டுவிட்டது என்று நம்பினேன். ஸ்டீராய்டு இப்படியெல்லாம் செய்யும், டோஸ் கூடினால் அதற்கான வாய்ப்பும் கூடும் என்று மாத்திரை எழுதித் தந்த அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில வாரம் சாப்பிட்டாலே உடம்பு தானே சுரக்கும் கார்ட்டிசோல் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கூப்பிட்டு, "தூக்கம் இல்லை, கோபம் அடங்கவில்லை" என்று சொன்னாலே அவர் வழி பார்ப்பார்.

கிரோன்ஸ் (இதுவும் ஒரு குடல் அழற்சி நோய்), 5 வருஷம்

அண்ணா, என் கதை வேறு. எனக்கு ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை. கேமரா விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி சுத்தம், மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டினும் நார்மல். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

லிஃப்ட் கதவு மூடினால் போதும், வயிறு பிசையும். எங்கே போனாலும் முதலில் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். பையில் மாற்றுத்துணி. கிளம்பும் முன் பட்டினி. மனநல ஆலோசகர் கேட்டார்: "வெளியே அடக்க முடியாமல் போனது எத்தனை தடவை?" யோசித்தேன். 5 வருஷத்தில் 2 தடவை. அந்த இரண்டுக்காக எத்தனை கல்யாணம், எத்தனை பயணத்தை விட்டிருக்கிறேன் என்று நினைத்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு சிபிடி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் மனநல சிகிச்சை. முதல் வாரம் ஒரே ஒரு நிறுத்தம் வரை பஸ். அடுத்த வாரம் இரண்டு. அழற்சி அடங்கிய பிறகும் குடல் நரம்புகள் கூச்சத்தோடு இருக்கலாம், வலித்தாலே ஃப்ளேர் (நோய் மறுபடி தலைதூக்குவது) என்று அர்த்தமில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். சந்தேகம் வந்தால் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கிரோன்ஸ், சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவன்

என் பங்குக்கு ஒன்று. சோர்வு எல்லாமே மனச்சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். பி12 உறிஞ்சப்படுவதே நான் இழந்த அந்தப் பகுதியில்தான். ஊசி போட்டதும், இரும்புச்சத்தை ஏற்றியதும் பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி நிஜமாகவே மனச்சோர்வு. அதற்குத் தனியாக மாத்திரை சாப்பிடுகிறேன்.

மறுபடியும் நான்தான், 9 வருஷக்காரன்

தங்கச்சி, அந்த 2 தடவை கணக்கைப் படித்ததும் நானும் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நம் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 4 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு, 3 பேரில் ஒருவருக்குப் பதற்றம். நோய் தீவிரமாக இருக்கும்போது பதற்றம் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது இது. 6 வருஷம் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேனே.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எனக்கு வந்தது. சட்டையை மடித்து வைத்தவளிடம்தான் முதலில் சொன்னேன். செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.