கூர் பார்க்கும் கருவி ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது: கோளாறு கருவியிலா, கத்தியிலா?

தேக்கா_அடுப்படி
வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. கத்திகளை 1000, அப்புறம் அதைவிட நைசான 3000 நம்பர் கல்லில் நானே தீட்டுகிறேன். சோதனை இழையை அறுக்க எத்தனை கிராம் அழுத்தம் ஆகிறது என்று காட்டும் பெஸ் கருவி ஒன்று வாங்கினேன். அதே கத்தி, அதே இடம்: முதலில் 170, அடுத்து 240, பிறகு 290. எதை நம்புவது? மழுங்கிய கத்தி வெங்காயத்தில் வழுக்கி விரலில்தான் இறங்கும். கூட வேலை பார்ப்பவர்களும் இதே கத்திகளைத்தான் எடுக்கிறார்கள், அதனால் சரியாகத் தெரிய வேண்டும்.

சாணைக்கல்
முதலில் கருவியைச் சோதியுங்கள் தம்பி. புது சவர பிளேடை வைத்தால் 50க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் இழை தொய்ந்திருக்கிறதா, மேசை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஃபேன் ஓடினால் நிறுத்திவிடுங்கள், காற்றுக்கே கருவியின் தராசு ஆடும். கத்தியை நேர் கீழாக, மெதுவாக அழுத்த வேண்டும். கொஞ்சம் இழுத்தாலும் எண் குறைந்து, இல்லாத கூரைக் காட்டும்.

தேக்கா_அடுப்படி
ஃபேனை நிறுத்திவிட்டுப் பார்த்தேன் அண்ணே. பிளேடு 50, 55 என்றுதான் வருகிறது. கத்தி மட்டும் பழையபடி ஏறுகிறது.

மீன்வெட்டி
அப்படியானால் பிசிறுதான். கல்லில் தீட்டும்போது ஓரத்தில் தகடு போல மெல்லிய உலோகம் எஞ்சி நிற்கும். நிமிர்ந்து நிற்கும்போது அது அருமையாக அறுக்கும், எண்ணும் குறையும். ஒருமுறை அழுத்தியதும் மடங்கிவிடும், உடனே எண் ஏறும். உங்கள் முதல் 170ஐ நான் நம்பமாட்டேன். கத்தியின் வாயைப் பஞ்சில் லேசாக இழுத்துப் பாருங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் நார் சிக்கும். 3000 கல்லில், கத்தியின் எடை மட்டும் படும்படி பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் தோல்பட்டையில் இழுங்கள். அடுத்த சோதனையைச் சில மில்லிமீட்டர் தள்ளிச் செய்யுங்கள், ஏற்கெனவே அழுத்திய இடம் வேண்டாம்.

பூன்லே_அக்கா
பேப்பர் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். கருவி ஒரு புள்ளியைத்தான் அளக்கும், பேப்பரில் முழு நீளமும் தெரியும், நடுவில் சின்னப் பல் விழுந்திருந்தால் அங்கே மாட்டும். ஆனால் எப்போதும் ஒரே திசையில் வெட்டுங்கள். தமிழ் முரசு நாளிதழை மேலிருந்து கீழே கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணும். வெட்டும்போதும் அந்த வித்தியாசம் இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த பேப்பர் நமுத்துப்போய், நல்ல கத்தியையும் மொக்கையாகக் காட்டும்.

தேக்கா_அடுப்படி
பிசிறு எடுத்த பிறகு கைப்பிடிப் பக்கம் 205, நடுவில் 215. பக்கத்தில் தள்ளிப் பார்த்தாலும் பெரிதாக மாறவில்லை. ரொம்ப நன்றி! முனையில் மட்டும் 300.

மீன்வெட்டி
முனை வளைவு கல்லில் சரியாகப் படவில்லை. ஓரத்தில் மார்க்கர் மை பூசித் தீட்டுங்கள், எங்கே மை அழியவில்லை என்று தெரிந்துவிடும். வளைவு வரும்போது கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.