பழைய தேவாலயத்தில் தியான இல்லம்: சத்தத்துக்கு என்ன வழி?

அனைவருக்கும் வணக்கம். வழிபாடு நின்றுபோன ஒரு கிராமத்துத் தேவாலயத்தைத் தியான இல்லமாக மாற்றி நடத்தி வருகிறோம். பீடப் பகுதியை ஜெபத்துக்கே விட்டுவிட்டு, நடுக்கூடத்தைத் தடுத்துப் படுக்கையறைகள் போட்டோம். ஜன்னல் வளைவுகள் மறைந்துவிடக் கூடாதே என்று தடுப்புகளைக் கூரை வரை கொண்டுபோகவில்லை. அந்த ஆசைதான் இப்போது படுத்துகிறது.

ஒரு மூலையில் இருமினால் மறு மூலையில் தூக்கம் கலைகிறது. பிரசங்கம் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும் என்று கட்டிய கட்டடம். குறட்டைக்கும் அதே மரியாதைதான்! கம்பளமும் கனத்த திரையும் போட்டதில் கீச்சொலிதான் அடங்கியது, கட்டைக்குரல் அப்படியே இருக்கிறது.

மௌன தியானத்துக்கு வருபவர்களும் ஓய்வுக்கு வரும் குடும்பங்களும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் இன்னும் சிக்கல். மடத்துத் துறவிகளுக்காகப் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல் 53-ஆம் அதிகாரத்தில் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது; 42-இல் இரவு ஜெபத்துக்குப் பின் பேசக் கூடாது என்கிறது. விருந்தினர் தேவைக்கும் மடத்தலைவரின் கட்டளைக்கும் அதில் விலக்கு உண்டு. குழந்தை அழுவது அதில் சேருமா?

தடுப்புக்கு மேலே கூரை வரை கண்ணாடி அடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காற்றோட்டத்துக்கு என்ன செய்தீர்கள்? இரண்டு வகை விருந்தினருக்கும் வாரங்களைப் பிரித்துவிட்டால் வருமானம் தாங்குமா?

அப்புறம், கல்சுவரில் முன்பு யாரோ சிமெண்ட் பூசியதால் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறோம். வெள்ளையடிக்கும் முன் எவ்வளவு நாள் காயவிட்டீர்கள்?