பிரசவத்துக்குப் பின் செயலி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கொக்குவிலான்:
என் மனைவிக்குக் குழந்தை பிறந்து 22 நாட்களாகின்றன. பால் கொடுத்த நேரத்தையும் உறக்கத்தையும் பதிவதற்காக அவருடைய கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தேன். போன கிழமை அது மனநிலை பற்றி ஆங்கிலத்தில் பத்துக் கேள்விகள் கேட்டு, முடிவில் பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகத்தைக் காட்டியது. அவரோ சாமம் 2 மணிக்குப் பிள்ளை உறங்கிய பின்னரும் விளக்கை அணைக்காமல் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். துடக்குக் கழியும் வரை, பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்துச் சரக்கு அரைத்து வைக்கும் சரக்குக் கறியை ஒழுங்காகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. செயலியை நம்புவதா, என் கண்ணை நம்புவதா?

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்:
கண்ணை நம்புங்கள், தம்பி. நீங்கள் சொல்வது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அறிய உதவும், 1987 இல் வெளியான எடின்பரோ அளவுகோலாக இருக்கக்கூடும். அதில் ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30 புள்ளிகள். யாரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று காட்டுமே தவிர, நோயை நிர்ணயிக்காது. கடந்த ஏழு நாட்களைப் பற்றியே அது கேட்பதால், போன கிழமையின் பச்சை முகம் இன்றைக்குச் செல்லாது. பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைந்திருந்தாலும், அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு விடை வந்தால் அன்றைக்கே ஒருவர் அவரிடம் நேரில் பேச வேண்டும். வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரை உடனே அழையுங்கள். அவர் வரும்போது நீங்களும் அம்மாவும் சற்று முற்றத்தில் நில்லுங்கள். மாமியார் அருகிலிருக்க எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். இரவில் பயம் தோன்றினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

சாவகச்சேரித் தாய்:
அக்கா சொல்வது சரி. ஆனாலும் செயலியை முற்றாகத் தள்ளிவிட முடியாது. இரண்டாவது பிள்ளை பிறந்த ஆறாம் நாள் எனக்குத் தலையிடியும் கண் மங்கலும் வந்தன. நித்திரை இல்லாததால் என்றே நினைத்தேன். தலையிடி வந்த நேரங்களைச் செயலியில் குறித்திருந்ததைக் காட்டியபோதுதான் வைத்தியர் உடனே இரத்த அழுத்தத்தை அளந்தார். பிரசவத்துக்குப் பின் ஆறு கிழமை வரைக்கும் அது ஏறலாமாம். அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், மூச்சுத் திணறல் என்றால் செயலியைத் திறக்காமல் அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்தை அழையுங்கள். தொடர்பு இலக்கங்களையெல்லாம் கேட்கும் செயலிக்கு அனுமதி கொடுக்க வேண்டாம்.

கொக்குவிலான்:
நன்றி அக்கா, நன்றி சகோதரி. இன்று காலை குடும்பநல உத்தியோகத்தரை அழைத்தேன். வியாழக்கிழமை வருவதாகத் தொடங்கியவர், சாமத்து விளக்கைப் பற்றிச் சொன்னதும் பின்னேரமே வந்துவிட்டார். நானும் அம்மாவும் ஒரு மணித்தியாலம் முற்றத்தில் இருந்தோம். செயலியில் பால் கொடுக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். 2 மணிப் பதிவை இனி விழித்திருந்து நான் எழுதுவேன்.