மாரிக்கு வீட்டுக்குள்ள சைக்கிள் ரெயினர்: பாதியில விட்டிடாமல் ஓடுறது எப்பிடி?

வட்டக்கச்சி_சில்லு கேட்டது:

கிளிநொச்சிப் பக்கம் இருந்து எழுதிறன். ஐப்பசி நடுவில இருந்து தை வரைக்கும் வெளியில ஒழுங்கா ஓடக் கிடைக்காது. மழைக்க ஏ9 இல லொறியும் பஸ்சும் அடிக்கிற தண்ணிக்குள்ள ஓடுறது விசர் வேலை. உள்றோட்டெல்லாம் கிறவல், வெள்ளம் மேவினால் எது குழி எது றோட்டு எண்டு தெரியாது. அதால பின்சில்லை இறுக்கிப் பூட்டி, நிண்ட இடத்திலயே மிதிக்கிற காந்த ரெயினர் ஒண்டில சைக்கிளை ஏத்தியிருக்கு. ரோட் பைக், சில்லைக் கையால கழட்டுற குயிக் ரிலீஸ், 700க்கு 25 ரயர். மிதிக்கிற பலத்தை அளக்கிற பவர் மீற்றர் இல்லை. நெஞ்சில கட்டுற இதயத்துடிப்புப் பட்டி இருக்கு. பங்குனியில கிளிநொச்சியில இருந்து வவுனியா போய் அண்டைக்கே திரும்புறதுதான் இலக்கு, ஏறக்குறைய 150 கிலோமீற்றர்.

கரைச்சல் என்னெண்டால், 20 நிமிசம் தாண்ட முதலே இறங்கினால் போதும் எண்டு வருது. வேகம் அப்பிடியே இருக்க, துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டு போகுது. கிழமைக்குக் கிழமை ஏறுற நாளும் குறையுது. "பாட்டுப் போடு, படம் பார்" எண்ட யூரியூப் புத்திமதி சரிவரேல்லை. தொடர்ந்து செய்யிற ஆக்கள் என்ன செய்யிறியள்?

முறிகண்டி_காத்து:

தம்பி, விடை உங்கட கேள்விக்குள்ளயே இருக்கு. வேகம் மாறாமல் துடிப்பு மட்டும் ஏறினால் முதல்ல மனசைக் குறை சொல்லாதேங்கோ, வெக்கையைப் பாருங்கோ. 150 வட்ஸில மிதிக்கிற உடம்பு அதைப்போல மூண்டு மடங்குக்கு மேல வெப்பத்தை உண்டாக்குது. வெளியில 28, 30 கிலோமீற்றர் வேகத்தில போகேக்க எதிர்க்காத்து அதைக் கொண்டு போயிடும். ரெயினரில காத்தே இல்லை. மாரியில வெப்பநிலை 25க்குக் கிட்ட இறங்கினாலும் ஈரப்பதன் கூட, வேர்வை ஆவியாகாமல் சும்மா சொட்டும். சொட்டுற வேர்வை உடம்பைக் குளிராக்காது. தோலைக் குளிராக்க இரத்தம் அங்க போக, ஒரு துடிப்புக்கு வெளியேறுற இரத்தம் குறையும், இதயம் கூடத் தரம் அடிக்கும். மூளை அதைத்தான் "இறங்கு" எண்டு சொல்லுது.

பனி நாட்டு வீடியோக்களில உள்ளவை 10 பாகை கராஜுக்குள்ள கதவைத் திறந்து வச்சு ஓடுகினம். அவைக்குத் தேவை உற்சாகம். எங்களுக்கு முதல்ல தேவை காத்து.

உள்ளறையை விட்டிட்டு விறாந்தைக்குக் கொண்டு வாங்கோ. தகரக் கூரை எண்டால் மத்தியானத்துக்குப் பிறகு ஏறவே வேண்டாம், விடிய 5 மணி நல்லம். தூவானம் அடிக்கிற பக்கத்துக்குப் படங்கு ஒண்டைக் கட்டலாம், ஆனால் மூண்டு பக்கமும் மூடிப்போடாதேங்கோ. 16 அங்குல நிண்ட ஃபான் ஒண்டை முன்னுக்கு ஒரு மீற்றரில, நெஞ்சு உயரத்துக்கு, ஆடாமல் ஒரே திசையில பூட்டி வையுங்கோ. இரண்டாவது கிடைச்சால் பக்கவாட்டில முதுகுக்கு. கூரை ஃபானை நம்பாதேங்கோ, நீங்கள் குனிஞ்சிருக்கேக்க அது முதுகை மட்டும்தான் தடவும். வேர்க்க முதலே ஃபானைப் போடுங்கோ. நுளம்பும் அந்தக் காத்துக்குக் கிட்ட வராது. டெங்கு நுளம்பு பகலில குத்துறது, கூடுதலாக் குத்துறது விடியவும் பொழுதுபடவும்தான், நாங்கள் மிதிக்கிற நேரமும் அதுதானே.

குடிக்கிறது: ஒரு மணித்தியாலத்துக்கு 750 மில்லிலீற்றர் அளவில. ஒரு லீற்றர் தண்ணிக்குக் கால் தேக்கரண்டி உப்பு, 3 மேசைக்கரண்டி சீனி, ஒரு தேசிக்காய். செவ்விளநீர் மட்டும் போதும் எண்டு கனபேர் நினைக்கினம். அதில பொட்டாசியம் நிறைய இருக்கு, வேர்வையில போற சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சரி.

மரைச்சாவி:

காத்துக் கதை சரி. நான் பூட்டுறதைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டால் ரெயினர் ஆடினாலும் வழுக்கினாலும் ஒருத்தருக்கும் ஏற மனம் வராது.

ரெயினரோட வந்த இரும்பு குயிக் ரிலீஸைத்தான் போட வேணும். சைக்கிளோட வந்த அலுமினியத் தலை, அச்சு முனையைப் பிடிக்கிற ரெயினர்க் கிண்ணத்துக்குள்ள ஒழுங்கா இருக்காது, பாரம் மாறேக்க நழுவும். ரயருக்குக் காத்து 100 பிஎஸ்ஐ, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. உருளை ரயரில தொட்ட பிறகு இரண்டு தொடக்கம் மூண்டு சுற்று இறுக்குங்கோ. பேந்து சில்லை ஒரு கையால அசையாமல் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால உருளையைத் திருப்பிப் பாருங்கோ. வழுக்கினால் இன்னும் கால் சுற்று. கூட இறுக்கினால் ரயர் சூடாகித் தேயும். கீழ கறுப்புத் தூள் கொட்டினால் ஒண்டில் வழுக்குது, இல்லாட்டில் இறுக்கம் கூட. உருளையைக் கிழமைக்கொருக்கால் ஸ்பிரிட் தொட்ட சீலையால துடையுங்கோ.

கழிச்சு வச்ச பழைய ரயர் ஒண்டைப் பின்னுக்குப் போடலாம், ஆனால் அதைக் கழுவிக் கிறவல் கல்லெல்லாம் கிண்டி எடுத்திட்டுப் போடுங்கோ. ரெயினருக்கெண்டே விக்கிற ரயர் எண்டால் அதோட றோட்டுக்கு இறங்கக் கூடாது, ஈரத் தாரில பிடிக்காது.

முன்சில்லு கீழ நிண்டால் பாரம் முழுக்கக் கையில வந்து விழும், தோளும் மணிக்கட்டும் நோகும். கனபேர் "சலிப்பு" எண்டு இறங்கிறது இந்த நோவாலதான். நிலத்தில இருந்து இரண்டு அச்சின்ர உயரத்தையும் நாடாவால அளந்து, வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுப் பலகைத் துண்டை முன்சில்லுக்குக் கீழ வையுங்கோ. ரெயினருக்குக் கீழ றப்பர் விரிப்பு. ரைல்ஸ் எண்டால் அது இல்லாமல் சறுக்கும்.

வேர்வைதான் சைக்கிளுக்கு எமன். ஹாண்டிலில இருந்து சீற் வரைக்கும் பழைய துவாய் ஒண்டை விரியுங்கோ. முடிய ஸ்ரெம் ஆணிகள், ஹெட்செற் மூடி எல்லாம் ஈரச்சீலையால துடைச்சு உலர்த்துங்கோ. மாதத்துக்கொருக்கால் ஹாண்டில் ரேப்பை ஒரு முனையில இருந்து கொஞ்சம் பிரிச்சுப் பாருங்கோ. உள்ளுக்கு அலுமினியத்தில வெள்ளைத் தூள் பூத்திருந்தால் உப்பு அரிக்கத் தொடங்கீட்டுது. வடிவாத் துடைச்சுப் பார்த்து, குழி விழுந்திருந்தால் அந்த ஹாண்டிலோட வவுனியாவுக்கு வெளிக்கிடாதேங்கோ.

உடற்கல்வி_ரீச்சர்:

சில்லு தம்பி, "ஒரு மணித்தியாலம் மிதிக்கிறது" என்பது பயிற்சி அல்ல, தண்டனை. ஏறமுதல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தாளில் எழுதி ஹாண்டிலில் ஒட்டியிருக்க வேண்டும்.

காந்த ரெயினரில் ஒரு வசதி உண்டு. இழுவையை மாற்றும் நெம்புகோலின் நிலை, ரயர்க் காற்று, உருளை இறுக்கம் மூன்றையும் மாற்றாமல் வைத்தால், பின்சில்லின் வேகமே உங்கள் பவர் மீற்றர். அதற்கு வேக சென்சரைப் பின்சில்லில் பூட்டவேண்டும். முன்சில்லு சுற்றாது, ஜிபிஎஸ் பூச்சியம்தான் காட்டும். காந்தம் சூடாகச் சூடாக இழுவை சற்றுக் குறையும். ஆகவே முதல் 10 நிமிட வேகத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

இதயத்துடிப்பு எல்லையை, அதாவது நீண்ட நேரம் தாங்கக்கூடிய மேல் துடிப்பை, அறிய 15 நிமிடம் உடலைச் சூடாக்கி, பிறகு 30 நிமிடம் இயன்ற அளவு பலமாக, ஆனால் சீராக மிதியுங்கள். கடைசி 20 நிமிடச் சராசரித் துடிப்புத்தான் எல்லை. ஃபான் ஓடும்போதே எடுங்கள், இல்லாவிட்டால் இலக்கம் பொய் சொல்லும்.

கிழமைக்கு மூன்று அமர்வு போதும். செவ்வாய்: 10 நிமிடம் இலகு, பின் 10 நிமிட உழைப்பு மூன்று, இடையில் 5 நிமிட ஓய்வு, கடைசியில் 5 நிமிடம் இலகு, மொத்தம் 55. உழைப்பின்போது துடிப்பு எல்லையின் 92 முதல் 97 சதவீதம். சிறு வசனம் பேசலாம், கதை சொல்ல முடியாது. அடுத்த கிழமை 12 நிமிடம் மூன்று, அதற்கடுத்தது 20 நிமிடம் இரண்டு. நாலாம் கிழமை பாதியாகக் குறையுங்கள். அந்தக் கிழமை குறைக்காமல் விடுகிறவர்கள்தான் மார்கழியில் ரெயினரை மூலையில் வைக்கிறார்கள்.

வியாழன்: 12 நிமிடம் சூடாக்கி, 40 விநாடி பலமாக, 20 விநாடி மெதுவாக, எட்டுத் தடவை. 5 நிமிட ஓய்வுக்குப் பின் இன்னோர் எட்டு, 7 நிமிடம் இலகு, மொத்தம் 40. இங்கே துடிப்பைப் பார்க்காதீர்கள், அது பின்தங்கித்தான் ஏறும். மூச்சைப் பாருங்கள். கடைசித் தடவையும் முதல் தடவையின் வேகத்தில் இருந்தால் அளவு சரி.

சனிக்கிழமை எல்லையின் 85 சதவீதத்துக்குக் கீழே, 75 முதல் 90 நிமிடம். மழை விட்டால் வெளியே போங்கள், அது ஏமாற்று அல்ல. ரெயினரில் கால் ஓய்வதில்லை. றோட்டில் உருட்டிவிடும் நேரம் இங்கே கிடையாது. ஆகவே 90 நிமிடத்துக்கு மேல் உள்ளே இழுக்க வேண்டிய தேவை இல்லை.

உங்கள் பாதையில் ஏற்றம் இல்லை. அதனால் வாகனம் போல ஒரே சீராக மணிக்கணக்கில் மிதிப்பதுதான் வேலை, அதற்கு 20 நிமிட உழைப்புகள் நேரடியாக உதவும். பங்குனி நல்ல மாதம்: வாடை ஓய்ந்திருக்கும், சோளகம் பலக்க வைகாசி ஆகும்.

10 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி எழுந்து மிதியுங்கள். ரெயினரில் சைக்கிள் பக்கவாட்டில் அசையாததால் சீற் ஒரே இடத்தையே அழுத்தும், மரத்துப்போகும். தொடை இடுக்கில் வஸ்லின் பூசலாம்; ஈரக் காற்சட்டையோடு பிறகு இருக்கக்கூடாது.

மனம் வராத நாளில் முதல் 10 நிமிடம் மட்டும் ஏறுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் இறங்கலாம், குற்றமில்லை. கிலோமீற்றரை எண்ணாதீர்கள், உள்ளே அதற்கு அர்த்தம் இல்லை. கொப்பியில் அமர்வு, வேகம், சராசரித் துடிப்பு மூன்றும் போதும். அடுத்த சுற்றில் அதே 10 நிமிடம் மூன்றை அதே வேகத்தில் ஓடி, துடிப்பு 4, 5 குறைந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் உற்சாகம் பாட்டில் வராது.

காய்ச்சல் என்றால் ஏறவே கூடாது. இந்தக் காலத்துக் காய்ச்சல் டெங்கா எலிக்காய்ச்சலா என்று வைத்தியர்தான் சொல்லவேண்டும். பரசிற்றமோல் தவிர வேறு நோமாத்திரை போடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்_பெடல்:

இடையில ஒரு கேள்வி. என்னட்ட இருக்கிறது கியர் இல்லாத லுமாலாச் சைக்கிள், பின்னுக்கு நட்டு. உந்த ரெயினரில ஏத்த ஏலுமோ? மற்றது, ஸ்விஃப்ட் (Zwift) எண்ட சைக்கிள் ஓட்டச் செயலியோட இணைச்சு ஓடுற, இழுவையைத் தானே மாத்துற ஸ்மார்ட் ரெயினர் எடுத்தால் சலிப்பே வராது எண்டு சொல்லுகினம். மெய்யோ?

மரைச்சாவி:

நட்டுச் சில்லு ரெயினர்க் கிண்ணத்துக்குள்ள நேர போகாது. ரெயினருக்கெண்டு கூம்புத் தலை நட்டு விக்கிறாங்கள், ஆனால் மரை பொருந்த வேணும். உங்கட நட்டைக் கழட்டிக் கையில கொண்டு போய், அச்சில பூட்டிப் பார்த்து வாங்குங்கோ. பலாத்காரமா முறுக்கினால் அச்சு மரை போயிடும். பின் ஸ்ராண்டைக் கழட்ட வேணும், மட்காட் கம்பி கிண்ணத்தில முட்டுதோ பாருங்கோ. கியர் இல்லாததால பாரத்தை நெம்புகோலால மாத்த வேணும், ஒவ்வொருக்காலும் இறங்காமல் இருக்க ஹாண்டிலுக்குக் கேபிள் வாற ரெயினராப் பாருங்கோ.

முறிகண்டி_காத்து:

ஸ்மார்ட் ரெயினர் நல்ல சாமான்தான், ஆனால் எங்கட பக்கத்துக்கு நான் முதல்ல சொல்ல மாட்டன். மழைக்குக் கரண்ட் போனால் ரூட்டரும் போகும், ரெயினரும் இழுவையை விட்டிடும். பழைய காந்த ரெயினருக்குக் கரண்டே தேவை இல்லை. அந்தக் காசில நல்ல ஃபான் இரண்டும், கரண்ட் போனாலும் ஓடுற 12 வோல்ற் ஃபான் ஒண்டும் பற்றரியோட எடுக்கலாம்.

எடுத்தால் ஒண்டைக் கவனியுங்கோ. ஈஆர்ஜி நிலையில ரெயினர் உங்கட வட்ஸை ஒரே இலக்கத்தில பிடிக்கப் பார்க்கும். களைச்சு மிதி வேகம் குறைஞ்சால் அது இழுவையைக் கூட்டும், நீங்கள் இன்னும் மெதுவாவியள், அது இன்னும் கூட்டும், கடைசியில கால் நிண்டிடும். பலமா மிதிச்சு மீளப் பார்க்காதேங்கோ. ஈஆர்ஜியை நிப்பாட்டி, இலகுவா நிமிசத்துக்கு 95 மிதிச் சுற்றுக்குக் கொண்டு வந்து திரும்பப் போடுங்கோ.

வட்டக்கச்சி_சில்லு:

நன்றி அண்ணையள், ரீச்சர். விறாந்தைக்கு மாத்திறன். அங்க பிளக் இல்லை, உள்ளுக்கிருந்து எக்ஸ்ரென்ஷன் வயர்தான். பிரச்சினை வருமோ?

மரைச்சாவி:

வயரை நிலத்தில போடாதேங்கோ, வேர்வையும் தூவானமும் அங்கதான் சேரும். பிளக் போட்டைக் கதிரைக்கு மேல, ஃபானுக்குப் பின்பக்கமா வையுங்கோ. ஃபானுக்கு முன்னால வைச்சால் அடிக்கிற காத்தோட ஈரமும் வரும். வயர் போற வழி சில்லுக்கும் காலுக்கும் விலத்தியிருக்க வேணும். வீட்டு ட்ரிப் சுவிச்சில இருக்கிற ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பாருங்கோ, விழாட்டில் முதல்ல மின்சார வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்கோ. ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில இடி இடிக்கத் தொடங்கினால் ஃபானை நிப்பாட்டினால் மட்டும் காணாது, பிளக்கையே கழட்ட வேணும். அண்டைக்கு அமர்வு அவ்வளவுதான், அடுத்த நாள் விடிய ஓடுங்கோ.