பெரியத்தை வீட்டில் எத்தனை பிள்ளைகள்?

*சிங்கப்பூர், சனிக்கிழமை இரவு, எங்கள் குடும்பக் குழு*

பெரியத்தை: எல்லாரும் சாப்பிட்டாச்சா? ஒரு விஷயம் கேட்கணும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை நான் பார்த்துக்கொள்வது தெரியும்தானே. இன்றைக்கு லிஃப்டில் ஏழாவது மாடிப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு நான்கு மாதம். பேறுகால விடுப்பு முடிகிறதாம். அவளுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு தாய்மாரும் கேட்கிறார்களாம். ஹாலைக் காலி செய்துவிட்டு ஒரு பராமரிப்பு நிலையமே ஆரம்பித்தால் என்ன?

சித்தப்பா: அருமையான யோசனை அக்கா. ஈசூனில் உங்களைத் தெரியாத ஆள் இல்லை. பெயர்ப் பலகை என் செலவு.

அம்மா: அண்ணி, உங்கள் முட்டி வலி என்ன ஆச்சு?

பெரியத்தை: அது பாட்டுக்கு இருக்கிறது. பாப்பா, நீ அந்த வேலையில்தானே இருக்கிறாய், சொல்லு.

நான்: அத்தை, இப்போதுதான் வேலை முடிந்து பேருந்தில் வருகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வழக்கமாக வந்து போகிற இடம் என்றாலே உரிமம் வேண்டும். இரண்டும் மூன்றும் ஐந்து. வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, குடியிருக்கத்தான். அதை நிலையமாக மாற்ற முடியாது.

சித்தப்பா: ஒரு பிள்ளை கூடினால் யாருக்கும்மா தெரியப்போகிறது?

நான்: சித்தப்பா, மற்றவர்களுக்குத் தெரிகிறதா என்பது இல்லை பிரச்சினை. நான் முதலில் வேலை பார்த்த நிலையத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மதியம். ஒரு டீச்சர் எம்சி, மருத்துவ விடுப்பு. மாற்று ஆள் வந்து சேரவில்லை. அறையில் ஏழு குழந்தைகள், நான் ஒருத்தி. ஒரு பையனுக்கு டயாப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேசை உயரம், அதனால் அவன் வயிற்றிலிருந்து ஒரு கையை எடுக்கவே கூடாது. அப்போது பின்னால் தொட்டிலில் ஒரு சத்தம். அழுகை இல்லை, ‘களக்’ என்று. திரும்பிப் பார்த்தால் மல்லாந்து படுத்திருந்த குழந்தை குடித்த பாலைக் கக்கி, வாயெல்லாம் பால், கண் பெரிதாக விழித்தபடி இருக்கிறது. இந்தப் பையனை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி, ஒற்றைக் கையால் அதை ஒருக்களித்துப் போட்டேன். பால் வழிந்தது, அப்புறம்தான் அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

நான்: 18 மாதத்துக்குக் கீழே ஐந்து குழந்தைக்கு ஒரு ஆள் என்ற விதி ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கை இரண்டுதான் அத்தை.

அம்மா: இதை நீ எங்களிடம் சொல்லவே இல்லையே.

பெரியத்தை: ஐயோ கண்ணு. சரி, அப்படியென்றால் முறையாகவே உரிமம் எடுத்து நடத்தலாமே. சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது.

நான்: எடுக்கலாம். உரிமம் கொடுப்பது ஈசிடிஏ, அதாவது பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு. 2019 ஜனவரியிலிருந்து புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. கைக்குழந்தை என்றால் தலைக்கு ஐந்து சதுர மீட்டர், பெரிய பிள்ளைகளுக்கு மூன்று. இடத்தை அந்தப் பயன்பாட்டுக்கு மாற்ற நகர மறுசீரமைப்பு ஆணையம், தீப்பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படை, வேலைக்கு வருகிறவர்களின் தகுதி, பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. 2024 ஜூலையிலிருந்து கண்காணிப்புக் கேமராவும் கட்டாயம்.

அண்ணன்: கணக்குப் போட்டேன். 15 கைக்குழந்தைகள் என்றால் உள்ளே மட்டும் 75 சதுர மீட்டர். எந்நேரமும் மூன்று பேர் அறையில் இருக்கணும். சாப்பாடு, விடுப்பு, எம்சி பார்த்தால் நான்கு, ஐந்து பேருக்குச் சம்பளம், சேமநிதி. பிள்ளைகள் சேர ஒரு வருடம் ஆகும், ஆனால் வாடகை முதல் மாதமே வரும். அத்தை, கோபப்படாதீர்கள், உங்கள் சேமிப்பை இதில் போட எனக்கு மனம் வரவில்லை.

பெரியத்தை: கோபம் இல்லையப்பா. உரிமம் இல்லாமல் நான் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு நஷ்டமா?

நான்: ஆமாம், அதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். உரிமம் பெற்ற நிலையத்தில் சேர்த்தால், வேலைக்குப் போகும் தாய்க்குக் கைக்குழந்தைப் பராமரிப்புக்கு மாதம் 600 வெள்ளி அடிப்படை மானியம். குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் மேலும் கிடைக்கும். உங்களிடம் விட்டால் அது வராது. ஆனால் அவள் உங்களைக் கேட்கிறாளே, அது மானியத்துக்காக இல்லை.

நான்: இன்னொரு வழி இருக்கிறது. இரண்டு மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்காக 2024 இறுதியில் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கினார்கள். ஈசிடிஏ தேர்ந்தெடுத்த நிறுவனங்கள் வழியாகச் சேரணும். பயிற்சி தருவார்கள், வீட்டையும் வந்து பார்ப்பார்கள். உங்களுக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. 30 வருடமாகப் பிள்ளை வளர்த்த கைக்கு அரசாங்கம் ஒரு மரியாதை தருகிற மாதிரி.

அம்மா: முட்டிக்கும் அதுதான் நல்லது.

பெரியத்தை: எத்தனை பிள்ளை வைத்துக்கொள்ளட்டும்?

நான்: இரண்டு பேர் இருக்கிறார்கள். ஏழாவது மாடிக் குழந்தையோடு மூன்று. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு தாய்மாருக்கும் பக்கத்தில் எந்த நிலையத்தில் இடம் காலி என்று நான் தேடித் தருகிறேன். முதலுதவி வகுப்புக்கு நானும் உங்களோடு வருகிறேன், என் சான்றிதழையும் புதுப்பிக்கணும்.

பெரியத்தை: வீட்டைப் பார்க்க வருவார்கள் என்றாயே. என்ன மாற்றணும்?

நான்: ஹாலில் அந்தக் கண்ணாடி டீப்பாய். தவழ ஆரம்பிக்கிற பிள்ளையின் நெற்றிக்கு நேர் உயரத்தில் அதன் முனை இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோதே சொல்ல நினைத்தேன்.

பெரியத்தை: அது உன் மாமா கல்யாணத்துக்கு வாங்கியது.

பெரியத்தை: சரி. மாமாவிடம் பேசிவிட்டேன். தம்பி, நாளைக்கு வேன் கொண்டு வா.

சித்தப்பா: பத்து மணிக்கு வருகிறேன் அக்கா.