தேடல் அமைப்புகளை (செட்டிங்ஸ்) வைக்க வேண்டிய இடம் கோப்பா, தரவுத்தளமா?

கேள்வி:
வணக்கம். ஜாங்கோவில் (பைத்தான் வலைச்சட்டகம்) எழுதிய எங்கள் வலைச் செயலியில் எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடுபொறி மூலம் தேடல் இயங்குகிறது. சர்வர் முகவரி, கடவுச்சொல், மேப்பிங் (எந்தப் புலம் எந்த வகை என்ற வரையறை), புலங்களின் எடை (தேடல் வரிசையில் எந்தப் புலத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம்), இணைச்சொற்கள் என அனைத்தும் ஒரே செட்டிங்ஸ் கோப்பில் கிடக்கின்றன. தலைப்பின் எடையைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பதற்குக்கூடச் செயலியை மீண்டும் டெப்ளாய் செய்ய வேண்டியுள்ளது. எல்லாவற்றையும் தரவுத்தளத்துக்கு மாற்றி அட்மின் பக்கத்தில் திறந்துவிடலாமா?

மறுமொழி 1:
எல்லாவற்றையும் வேண்டாம். முகவரியும் கடவுச்சொல்லும் சூழல் மாறிகளில் (நிரலுக்கு வெளியே, சர்வரில் வைக்கும் மதிப்புகள்) இருக்கட்டும். அவை கிட்டிலும் (நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் களஞ்சியம்) அட்மின் பக்கத்திலும் தென்படவே கூடாது. மேப்பிங், அனலைசர் (உரையைத் தேடத்தக்க சொற்களாகப் பிரிப்பது), ஷார்டு (தேடல் தரவைப் பிரித்து வைக்கும் துண்டு) எண்ணிக்கை ஆகியவை நிரலோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள புலத்தின் வகையை மாற்ற வேண்டுமானால், புதிய இண்டெக்ஸ் (தேடலுக்கான ஆவணத் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, ஆவணங்கள் அனைத்தையும் அதில் மறுபடி ஏற்றி, அலியாஸை (செயலி இண்டெக்ஸை அழைக்கும் மாற்றுப்பெயர்) அதன் பக்கம் திருப்ப வேண்டும். இதை அட்மின் பக்கத்தில் ஒரு பெட்டியாக வைத்தால், சேமித்தவர் மாற்றம் நடந்துவிட்டதென்று நம்புவார். தேடலோ பழையபடியே இருக்கும். புலங்களின் எடை அப்படியன்று. அது வினவலோடு அனுப்பப்படுவதால் அடுத்த தேடலிலேயே பலன் தெரியும். தரவுத்தளத்துக்கு உரியது அதுதான்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எடையைத் தேடலுக்குத் தேடல் தரவுத்தளத்திலிருந்து படிக்காமல் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கத் தோன்றும். சிக்கல் அங்கேதான் வரும். ஜாங்கோவின் இயல்புநிலை கேஷ் ஒவ்வொரு பிராசஸுக்கும் (சர்வரில் இயங்கும் செயலியின் ஒரு நகல்) தனித்தனியானது. அட்மின் பக்கத்தைக் கையாண்ட பிராசஸ் தன் கேஷை அழித்தாலும் மற்றவை பழைய எடையையே பயன்படுத்தும். ஒரே சொல்லைத் தேடும் இருவருக்கு வெவ்வேறு வரிசை கிடைக்கும். ரெடிஸ் போன்ற பொதுக் கேஷைப் பயன்படுத்துங்கள், அல்லது காலாவதி நேரத்தைச் சில நொடிகளாகக் குறைத்துவிடுங்கள். மேலும், தரவுத்தளத்தில் எடையின் பழைய வரியை அழித்தெழுதாமல் மாற்றத்துக்கு ஒரு புதிய வரி சேர்த்து, அதன் எண்ணைத் தேடல் பதிவிலும் எழுதுங்கள். தரம் கெட்டது எந்த மாற்றத்தால் என்று பிறகு வாதிட வேண்டியிராது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இணைச்சொற்கள் இதில் எந்தப் பக்கம் சேரும்?

மறுமொழி 1:
அவற்றை எந்த நேரத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இண்டெக்ஸ் செய்யும்போது என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறு இண்டெக்ஸ் தேவைப்படும் என்பதால் நிரலோடு வையுங்கள். தேடும்போது மட்டும் என்றால், புதுப்பிக்கத்தக்கது என்று இணைச்சொல் ஃபில்டரில் குறித்து, இணைச்சொல் கோப்பை எல்லா நோடுகளிலும் (எலாஸ்டிக்சர்ச் இயங்கும் சர்வர்கள்) மாற்றியபின் தேடல் அனலைசரை ரீலோட் செய்தாலே போதும். நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.